சொல் தேவை: உள்ளூர்க் கனிமத் திட்டத்தில் "பொதுக் கலந்தாய்வு" சரியா?

மடல் 1

அன்புள்ள குழுவினருக்கு,

இங்கிலாந்தின் கவுண்டி கவுன்சில்கள் (பல மாவட்டங்களை உள்ளடக்கிய பகுதியின் உள்ளாட்சி மன்றங்கள்) தயாரிக்கும் உள்ளூர்க் கனிமத் திட்டங்களைப் பற்றி அங்குள்ள தமிழர்களுக்கு ஒரு கையேடு எழுதும் வேலை நடக்கிறது. மணல், சரளை, சுண்ணாம்புக்கல், செங்கல் களிமண் ஆகியவற்றை இனி வரும் பதினைந்து, இருபது ஆண்டுகளில் எந்தெந்த இடத்தில் தோண்ட விடலாம் என்று முடிவு செய்யும் ஆவணம் அது. நாட்டிங்காம்ஷயரின் இப்போதைய திட்டம் 2021 மார்ச்சில் ஏற்கப்பட்டது. டிரென்ட் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மணலும் சரளையும்தான் அதில் பெரும்பங்கு. கரைகளில் ஊர்கள் நெருக்கமாக இருப்பதால் எந்த நிலத்தைக் குறித்தாலும் யாராவது ஒருவருடைய சன்னலுக்கு எதிரே வந்துவிடும்.

திட்டம் ஏற்கப்படுவதற்கு முன் மக்களிடம் கருத்துக் கேட்கும் படிகள் பல உண்டு. அதற்கு "பொதுக் கலந்தாய்வு" என்று எழுதியிருக்கிறோம். பொருந்துமா? கூடவே தேவைப்படும் மற்ற சொற்களையும் சொல்லுங்கள்.

மடல் 2

ஐயா, வணக்கம்.

"கலந்தாய்வு" என்றால் தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிச் சேர்க்கைதான் முதலில் நினைவுக்கு வரும். அது சின்னச் சிக்கல். பெரிய சிக்கல், அந்தச் சொல் இரு தரப்பும் சமமாக உட்கார்ந்து பேசி முடிவெடுப்பது போன்ற எண்ணத்தைத் தருவது. இங்கே முடிவெடுப்பது கவுன்சில். மக்கள் சொல்வதைக் கேட்டு எடைபோட வேண்டிய கடமை மட்டுமே அதற்கு உண்டு.

"கருத்துக்கேட்பு" நம்மிடம் ஏற்கெனவே புழங்குகிறது. ஆனால் அதைக் கேட்டதும் நம் வாசகர் மனத்தில் எழுவது ஒரே நாள் கூட்டம்: பந்தல், ஒலிபெருக்கி, மேடையில் மாவட்ட ஆட்சியர். இந்தியாவின் 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் மக்களைக் கேட்பதற்கு இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, திட்ட இடத்திலோ அதன் அருகிலோ நடக்கும் கூட்டம். மற்றொன்று, எழுத்தில் வாங்கும் கருத்துகள். இரண்டாவதை நம் ஊரில் பலர் மறந்தே போனார்கள். இங்கிலாந்தின் கனிமத் திட்டத்திலோ எழுத்துதான் எல்லாம். நூலகத்தில் வரைபடங்களை விரித்து வைத்து அலுவலர்கள் விளக்கம் சொல்லும் நாள்கள் உண்டு. அங்கே நீங்கள் வாயால் சொன்னது கணக்கில் ஏறாது. படிவமோ கடிதமோ மின்னஞ்சலோ போக வேண்டும்.

ஆகவே "எழுத்துவழிக் கருத்துக்கேட்பு" என்பது என் பரிந்துரை. அடைமொழியை எங்கும் விடக் கூடாது.

மடல் 3

இருவருக்கும் வணக்கம். எல்லாப் படிகளுக்கும் ஒரே சொல்லைப் போடுவதைத்தான் நான் முதலில் எதிர்க்கிறேன். சட்டப்படி இரண்டு கட்டங்கள் வெவ்வேறு. ஒன்றுக்கு எழுத வேண்டியதை மற்றொன்றுக்கு எழுதினால் உழைப்பு வீண்.

2012ஆம் ஆண்டு உள்ளூர்த் திட்டமிடல் விதிகளில் 18ஆம் விதி, "திட்டத்தில் என்ன இருக்க வேண்டும்" என்று கேட்கிறது. எத்தனை வாரம் என்று விதி சொல்லவில்லை. கவுன்சில் தானே வெளியிட்டிருக்கும் மக்கள் பங்கேற்பு அறிக்கை சொல்லும், அதைக் கவுன்சில் மீற முடியாது. இந்தக் கட்டத்தில் எதுவும் முடிவாகியிருக்காது. ஆண்டுக்கு எத்தனை டன் தேவை, பழைய குவாரிகளை நீட்டிப்பதா புதிதாகத் திறப்பதா, எந்த இடங்கள் என எல்லாமே பேச்சில் இருக்கும். குவாரி நிறுவனங்களும் நில உரிமையாளர்களும் முன்மொழிந்த இடங்களின் பட்டியலும் அப்போதுதான் வெளிவரும். அந்தப் பட்டியலில் துளைக்கிணற்றுப் பதிவு, சரளைப் படிவின் தடிமன், மேல்மண்ணின் ஆழம், ஆண்டு உற்பத்தி, லாரி வெளியேறும் பாதை, தோண்டிய பின் நிலத்தை என்னவாக்குவார்கள் என்பவை இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அதையே எழுதலாம். அது வலுவான கருத்து. பள்ளிக்கூடம் விடும் நேரம், மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும் வயல், பழைய கிணறுகள் என உள்ளூர்க்காரருக்கு மட்டும் தெரிந்ததைச் சொல்லவும் இதுவே இடம். பிறகு சொன்னால் தாமதம்.

19ஆம் விதிக் கட்டத்தில் கவுன்சில் தன் முடிவான வரைவை வெளியிடுகிறது. கவனியுங்கள்: விதி அதற்கு இட்டிருக்கும் பெயர் "வெளியீடு". 20ஆம் விதிப்படி குறைந்தது ஆறு வாரம் தர வேண்டும், அதற்குள் யார் வேண்டுமானாலும் எழுதலாம். அந்தக் கடிதங்கள் வரைவோடு சேர்ந்து, அமைச்சர் சார்பில் நியமிக்கப்படும் சுதந்திரமான ஆய்வாளரிடம் போகும். கடைசி நாள் மாலை ஐந்து மணி என்று போட்டிருந்தால், ஐந்தரைக்குப் போன மின்னஞ்சலை ஏற்க வேண்டிய கட்டாயம் கவுன்சிலுக்கு இல்லை.

இங்கே "எங்கள் ஊருக்குக் குவாரி வேண்டாம்" என்று மட்டும் எழுதுவது பயன்படாது. படிவம் கேட்பது வேறு. எந்தக் கொள்கை எண், எந்தப் பத்தி அல்லது வரைபடம்? திட்டம் சட்டப்படி தயாரானதா? தேசியக் கொள்கை வகுத்த நான்கு சோதனைகளில் நிற்குமா? அதாவது தேவையை ஈடுகட்டும்படி தயாரிக்கப்பட்டதா, மாற்று வழிகளை எடைபோட்டுச் சான்றுகளோடு நியாயப்படுத்தப்பட்டதா, குறித்த காலத்தில் நிறைவேற்றக் கூடியதா, தேசியக் கொள்கையோடு ஒத்துப்போகிறதா என்று. நிற்காது என்றால் எந்த வாசகத்தை எப்படி மாற்ற வேண்டும்? ஆய்வாளரின் அமர்வில் பேச விரும்புகிறீர்களா?

கடைசிக் கேள்விக்குப் பின்னால் ஓர் உரிமை இருக்கிறது. 2004ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டத்தின் 20(6) பிரிவுப்படி, திட்டத்தை மாற்றக் கோரி எழுதியவர் கேட்டால் அவரை ஆய்வாளர் முன் பேச விட்டே ஆக வேண்டும். மாற்றம் எதுவும் கோராமல் ஆதரித்தோ பொதுவாகவோ எழுதியவருக்கு அந்த உரிமை கிடையாது. படிவத்தில் அந்தக் கேள்வியைக் காலியாக விட்டு, பேசும் வாய்ப்பை இழப்பவர்கள் உண்டு.

ஆகவே முதல் கட்டத்துக்கு "கருத்துக்கேட்பு"; இரண்டாவதற்கு அந்தச் சொல் வரவே கூடாது. அதற்கு வேறு சொல் தாருங்கள்.

மடல் 4

மடல் 3 எழுதிய அக்காவின் விளக்கம் நன்றாக இருந்தது. இலங்கைத் தமிழில் நாங்கள் "கலந்தாலோசனை" என்று பாவிப்போம். "கனிமம்" என்பதற்குக் "கனியம்" என்போம். இங்கிலாந்தில் கையேட்டை வாசிப்போரில் பெரும்பகுதி எங்கட ஆக்கள்தான். "கனிமம்" அவர்களுக்கும் விளங்கும், அதனால் அதில் பிடிவாதம் இல்லை. ஆனால் "ஜல்லி" என்ற இடத்தில் "சல்லிக்கல்" என்பதையும் ஒருக்காப் போட்டுவிடுங்கள்.

20ஆம் விதிக் கடிதத்துக்கு "முறையீடு" என்று எழுத வேண்டாம். அது மேன்முறையீட்டோடு குழம்பும். முடிந்துபோன தீர்ப்பை எதிர்ப்பது போல ஆகும். "மனு" என்றால் கெஞ்சிக் கேட்பது போலத் தொனிக்கும். "எடுத்துரைப்பு" சரியாக வரும் என்று நினைக்கிறேன். காரணத்தோடு எடுத்துச் சொல்வது, ஆதரவாகவும் இருக்கலாம், எதிராகவும் இருக்கலாம். பேசும் உரிமை தரும் வகையை "மாற்றம் கோரும் எடுத்துரைப்பு" எனலாம். ஆக 19, 20ஆம் விதிக் கட்டத்துக்கு "எடுத்துரைப்புக் காலம்".

நான்கு சோதனைகளையும் தாண்டும் தன்மைக்கு ஒருவர் எனக்குத் தனிமடலில் "திட்பம்" என்று எழுதியிருந்தார். அழகான பழஞ்சொல்தான். ஆனால் "திட்டத்தின் திட்பம்" என்று அச்சிட்டுப் பாருங்கோ: சிறிய எழுத்தில் "ட்ட", "ட்ப" இரண்டும் ஒன்றாகத் தெரியும்; பிழை திருத்துகிறவரே "திட்டத்தின் திட்டம்" என்று மாற்றிப்போடுவார். படிவத்தில் வரும் சொல்லுக்கு இது பெரிய குறை. வழக்கு நிற்காது என்று சொல்கிறோமே, அதையே எடுத்து "திட்டம் ஆய்வில் நிற்குமா?" என்று கேள்வியாக எழுதலாம். பெயர்ச்சொல் வேண்டிய இடத்தில் "ஏற்புடைமை".

மடல் 5

"எடுத்துரைப்பு", "ஏற்புடைமை" இரண்டையும் வழிமொழிகிறேன். நானாகச் சேர்க்க விரும்புவது ஆபத்தான ஒரு சொல்லைப் பற்றி.

இந்தத் திட்டங்களின் வரைபடத்தில் பெரும் பரப்பில் நிறம் தீட்டிய பகுதிகள் இருக்கும். அவற்றைக் "கனிமப் பாதுகாப்புப் பகுதி" என்று மொழிபெயர்த்திருப்பதைப் பார்த்தேன். தஞ்சாவூர்க்காரர் அதை எப்படி வாசிப்பார்? 2020இல் வந்த சட்டத்தின் "பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம்" அவருக்குத் தெரியும். அங்கே எண்ணெய், எரிவாயு எடுக்கும் புதுத் திட்டங்களுக்குத் தடை. அதே பொருளில் இங்கேயும் தோண்டத் தடை என்று நினைத்து நிம்மதியாக இருந்துவிடுவார். உண்மை நேர் எதிர். காப்பாற்றப்படுவது நிலத்தடியில் இருக்கும் மணலும் கல்லும்; மேலே வீடு கட்டி அவற்றை என்றென்றைக்கும் எடுக்க முடியாமல் முடக்கிவிடாதபடி காப்பது. அதற்காக அங்கே குவாரி வந்தே தீரும் என்றும் பொருளில்லை. எனவே "முடக்கத் தடுப்புப் பகுதி" என்று வைப்போம். நீளம்தான், ஆனால் தவறாக வாசிக்க இடமில்லை.

இதோடு ஒட்டி இன்னொன்று. அந்தப் பகுதிகளை ஒட்டியே வேறொரு எல்லையும் வரைந்திருப்பார்கள். அதற்குள் வீடு கட்ட விண்ணப்பம் வந்தால், அனுமதி தரும் மாவட்டக் கவுன்சில் முதலில் கவுண்டி கவுன்சிலைக் கேட்க வேண்டும். ஆங்கிலத்தில் இதற்கும் பொதுமக்களைக் கேட்பதற்கும் ஒரே சொல்தான். தமிழில் அந்தக் குழப்பத்தைச் சுமக்க வேண்டியதில்லை. முதல் மடலின் "கலந்தாய்வு" இங்கே அழகாகப் பொருந்துகிறது: இரண்டு அதிகார அமைப்புகள் தங்களுக்குள் செய்வது கலந்தாய்வு, அமைப்பு மக்களிடம் செய்வது கருத்துக்கேட்பு. இந்த எல்லை "கனிமக் கலந்தாய்வுப் பகுதி".

மடல் 3இல் விட்டுப்போன ஒரு பொறி: வரைவில் தன் ஊர் இல்லை என்று கண்டவர் பெரும்பாலும் அத்தோடு விட்டுவிடுவார். ஆனால் பட்டியலில் இடம்பெறாத நிலத்தின் உரிமையாளரும் எடுத்துரைப்புக் காலத்தில் "என் நிலத்தைச் சேருங்கள்" என்று எழுதலாம். ஆய்வாளரின் அமர்விலும் வாதாடலாம். காலம் முடிந்ததும் எல்லா எடுத்துரைப்புகளும் கவுன்சில் இணையதளத்தில் ஏறும். அதைத் தேடிப் படிக்க வேண்டும். இவற்றுக்கு "விடுபட்ட இடம்" போதும், புதுச்சொல் வேண்டாம்.

மடல் 6

மேலே சொன்னவற்றில் எனக்கு மறுப்பில்லை. எண்கள் வரும் இரண்டு சொற்களைப் பார்ப்போம். மக்கள் எழுதும் கடிதங்களில் அதிகம் தடுமாறுவது இவற்றில்தான்.

ஒன்று, கவுண்டியில் அனுமதி பெற்றுத் தோண்டாமல் இருக்கும் கனிமம் இன்னும் எத்தனை ஆண்டுக்கு வரும் என்ற கணக்கு. தேசியக் கொள்கைப்படி மணல், சரளைக்குக் குறைந்தது 7 ஆண்டு, உடைத்த கல்லுக்குக் குறைந்தது 10 ஆண்டு, செங்கல் களிமண்ணுக்குக் குறைந்தது 25 ஆண்டு இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் இது "லேண்ட்பேங்க்". இதை அப்படியே "நிலவங்கி" என்று எழுதினால் தொழிற்பேட்டைக்கு நிலம் சேர்ப்பது போல ஆகிவிடும். இங்கே வங்கியும் இல்லை, நிலமும் இல்லை. டன்னை டன்னால் வகுத்து வரும் ஆண்டு. அனுமதி பெற்ற இருப்பு 105 லட்சம் டன், ஆண்டுத் தேவை 15 லட்சம் டன் என்று வைத்தால் 7 ஆண்டு. "அனுமதி இருப்பு ஆண்டுகள்" என்று வைக்கலாம். "ஏழாண்டு இருக்கிறதே, புது இடம் எதற்கு" என்ற வாதம் அடிக்கடி வருகிறது, அடிக்கடி தோற்கிறது. ஏழு என்பது கீழ்வரம்பு, மேல்வரம்பு அல்ல. தாக்க வேண்டிய இடம் வகுக்கும் எண். ஆண்டுத் தேவை, பத்தாண்டு விற்பனைச் சராசரியோடு உள்ளூர் விவரங்களையும் சேர்த்துக் கணிக்கப்படுகிறது. கவுன்சில் ஆண்டுதோறும் வெளியிடும் மதிப்பீட்டில் அது இருக்கும். அந்தச் சராசரியில் வீடு கட்டுவது சரிந்த ஆண்டுகளும் அடங்கும், பெரிய சாலைப் பணி நடந்த ஆண்டுகளும் அடங்கும். எந்த ஆண்டுகள், ஏன் என்று கேட்பது பயனுள்ள எடுத்துரைப்பு.

இரண்டாவது, லாரி. குவாரி ஆவணத்தில் "நாளொன்றுக்கு 90" என்று இருக்கும். ஊர்க்காரர் 90 லாரி வருவதாக எழுதுவார், நிறுவனம் "தவறான தகவல்" என்று ஒரே வரியில் தள்ளிவிடும். அந்த எண் ஒருவழி ஓட்டத்தைக் குறிப்பது. ஆண்டுக்கு 2,50,000 டன், லாரிக்கு 20 டன் என்றால் 12,500 லோடு. வேலை நாள் 275 என்றால் நாளைக்குச் சுமார் 45 லோடு. வெறுமையாக உள்ளே வருவது ஒன்று, சுமையோடு வெளியே போவது ஒன்று, ஆக 90. நம் லாரிக்காரர்கள் போய்வருவதை ஒரு "நடை" என்பார்கள். அதனால் இதற்கு "அரைநடை" என்று வைக்கலாம் என்பது என் எண்ணம். நாளைக்கு 90 அரைநடை. நடை தெரிந்தவருக்கு விளக்கமே தேவைப்படாது.

கையொப்ப மனு பற்றியும் கையேட்டில் நாலு வரி வேண்டும். ஆயிரம் பேர் ஒரே வாசகத்தில் கையெழுத்திட்டால், கையெழுத்து எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு அதை ஒரே எடுத்துரைப்பாக ஆய்வாளர் பார்ப்பார். எடை தருவது திட்டமிடல் காரணம்: தூசி, இரைச்சல், நிலத்தடி நீர், தொல்லியல், நல்ல விளைநிலம், சாலைப் பாதுகாப்பு. வீட்டு விலை குறையும் என்பது கணக்கில் வராது. தோண்டிய குழியை ஏரியாக்குவார்கள் என்றால் பறவைகள் கூடும், அவை விமானங்களில் மோதும் ஆபத்து உண்டு. விமான நிலையத்திலிருந்து 13 கி.மீ.க்குள் இருந்தால் அதையும் கேட்கலாம். திட்டத்தில் இடம் குறிக்கப்பட்டுவிட்டால், பின்னால் குவாரிக்கு விண்ணப்பம் வரும்போது "இங்கே கூடவே கூடாது" என்ற வாதம் மிகவும் மெலிந்துவிடும். விண்ணப்பங்களைத் திட்டத்தின்படிதான் முடிவு செய்ய வேண்டும், வலுவான வேறு காரணம் இருந்தால் ஒழிய. அதனால்தான் இந்தக் கையேடு முக்கியம்.

மடல் 7

"அரைநடை" எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் இலங்கையில் "நடை" என்றால் கால்நடைப் பயணம்தான் முதலில் வரும். அட்டவணைத் தலைப்பில் "அரைநடை (ஒருவழி லாரி ஓட்டம்)" என்று முதல் தடவை மட்டும் விரித்து எழுதுங்கோ.

அமர்வுகள் முடிந்த பிறகு ஆய்வாளர் கேட்கும் முதன்மைத் திருத்தங்களுக்கு இன்னொரு கருத்துக்கேட்பு நடக்கும். அதில் திருத்தங்களைப் பற்றி மட்டும்தான் எழுதலாம். பழைய இட எதிர்ப்பைத் திரும்ப எழுதினால் எடுபடாது. அதைத் "திருத்தக் கருத்துக்கேட்பு" என்று தனியாகப் பெயரிட்டால் ஆக்கள் அந்த எல்லையை உடனே விளங்கிக்கொள்வினம்.

மடல் 8

சரி. கையேட்டின் இரண்டாம் பக்கத்தில் கட்டங்கள் இந்த வரிசையில் போகின்றன: உருவாக்கநிலைக் கருத்துக்கேட்பு (18ஆம் விதிக் கட்டம்), எடுத்துரைப்புக் காலம், ஆய்வமர்வு, திருத்தக் கருத்துக்கேட்பு, ஏற்பு. ஏற்புக்குப் பின் ஆறு வாரத்துக்குள் உயர் நீதிமன்றம் போகலாம் என்பதும் அங்கேயே வரும். அது சட்டப்பிழைக்கு மட்டும், இடம் பிடிக்கவில்லை என்பதற்கு அல்ல. "எழுத்துவழி" என்ற அடைமொழி முதல் கட்டத்திலும் நான்காவதிலும் இருக்கும். "ஏற்பு", "ஏற்புடைமை" இரண்டும் ஒரே பக்கத்தில் வருவதுதான் இன்னும் உறுத்துகிறது: கவுன்சில் திட்டத்தை நிறைவேற்றுவது ஒன்று, ஆய்வாளர் அது நிற்கும் என்று கண்டறிவது ஒன்று. முன்னதற்கு "நிறைவேற்றம்" போதுமா, வேறு சொல் உண்டா?