துப்பாக்கி உள்ள வீட்டில் ஒருவர் மனம் உடைந்திருந்தால்: உங்கள் அனுபவம் என்ன?

நாஷுவா, நியூ ஹாம்ப்ஷயர்

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் நல்ல வேட்டைக்காரர். நவம்பர் வந்தால் மான் வேட்டைக்குக் கிளம்பிவிடுவார். மனைவி இறந்த பிறகு மனிதர் ஒடுங்கிப்போனார். தபால் பெட்டி நிரம்பிக் கிடக்கும். நாயை மட்டும் வெளியே விட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார்.

ஒருநாள் அவருடைய வேட்டைக் கூட்டாளி பிக்கப் டிரக்கில் வந்து, உறையிட்ட ரைஃபிள்களை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு போனார். விற்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். நடந்ததைப் பின்னாளில் பெரியவரே சொன்னார். வந்தவர் சுற்றி வளைக்கவில்லையாம். "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்று முகத்தைப் பார்த்துக் கேட்டிருக்கிறார். இவர் பதில் சொல்லாமல் நின்றிருக்கிறார். "சரி, எல்லாம் கொஞ்ச நாள் என் வீட்டில் இருக்கட்டும். நீ தேறியதும் நானே கொண்டுவந்து தருகிறேன். கட்டில் பக்கத்து டிராயரில் இருப்பதையும் எடு" என்றாராம். அந்த டிராயரை நினைவு வைத்துக் கேட்டதுதான் நட்பு.

வேறு யார் சொல்லியிருந்தாலும் பெரியவர் கொடுத்திருக்க மாட்டார். போலீஸ் கேட்டிருந்தால் சண்டைக்கே போயிருப்பார். துப்பாக்கிக்காரர்கள் துப்பாக்கிக்காரர் பேச்சைத்தான் கேட்பார்கள். இந்த மாநிலத்தில் அதற்கு ஒரு முன்கதையும் உண்டு. 2009-ல் ஒரே கடையில் துப்பாக்கி வாங்கிய மூன்று பேர், ஒருவருக்கொருவர் தொடர்பே இல்லாதவர்கள், ஒரு வாரத்துக்குள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். கடைக்காரர் ரால்ஃப் டெமிக்கோ அதைக் கேட்டு ஆடிப்போனார். 'என் வேலை விற்பதோடு முடிந்தது' என்று அவர் ஒதுங்கவில்லை. தற்கொலைத் தடுப்பில் இருப்பவர்களோடு உட்கார்ந்து பேசினார். அப்படித்தான் கடைகளுக்கான சுவரொட்டிகளும் துண்டறிக்கைகளும் வந்தன. துப்பாக்கிப் பாதுகாப்பின் பத்துக் கட்டளைகளோடு பதினொன்றாவதும் சேர்ந்தது: வீட்டில் ஒருவருக்குத் தற்கொலை எண்ணம் இருக்கலாம் என்று தோன்றினால், துப்பாக்கியைச் சில காலம் வெளியே வை.

'சாகணும்னு முடிவு செய்தவன் எப்படியும் சாவான்' என்று சுடுதளத்தில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு மனம் பதறும். அது உண்மையே இல்லை. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களில் சுமார் பத்தில் ஒன்பது பேர் பிற்பாடு தற்கொலையால் சாவதில்லை. பலருக்கு அந்த உச்சக்கட்டம் சில நிமிடங்களோ சில மணி நேரமோதான். அதைத் தாண்டிவிட்டால் போதும். துப்பாக்கி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் தாண்ட அவகாசம் இருக்காது. திருடனுக்குப் பயந்து வாங்குகிறோம். ஆனால் அமெரிக்காவில் துப்பாக்கியால் போகும் உயிர்களில் பாதிக்கு மேல் தற்கொலைகள்.

டென்வர், கொலராடோ

என் தங்கை மாப்பிள்ளைக்கு வேலை போய்விட்டது. விசா கவலை வேறு. வீட்டில் கைத்துப்பாக்கி இருக்கிறது. நேரடியாகக் கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டதாக ஆகிவிடாதா?

நாஷுவா, நியூ ஹாம்ப்ஷயர்

ஆகாது. கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. கேட்க ஒருவர் வந்தாரே என்று நெஞ்சு லேசாகிறவர்கள்தான் அதிகம். 'மாப்பிள்ளையிடம் போய் இதைக் கேட்பதா' என்ற தயக்கம் நம் வீடுகளில் உண்டு. தயவுசெய்து அதை ஒதுக்கி வையுங்கள். உங்கள் மாநிலத்தில் துப்பாக்கியைத் தற்காலிகமாக வாங்கி வைக்கும் கடைகளையும் காவல் அலுவலகங்களையும் காட்டும் வரைபடம் இணையத்திலேயே இருக்கிறது. போவதற்கு முன் போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். அவர் கொடுக்கச் சம்மதிக்கவில்லை என்றால், பூட்டி, சாவியை அவர் கைக்கு எட்டாமல் வேறொருவரிடம் கொடுக்கப் பேசிப் பாருங்கள். தோட்டா வீட்டிலேயே வேண்டாம். தற்கொலைத் தடுப்பு உதவி எண் 988-ஐ அழைத்தால் இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். அவருக்காக நீங்களே கூப்பிட்டு யோசனை கேட்கலாம். நிலைமை கைமீறுவதாகத் தெரிந்தால் அவசர உதவி எண் 911. தங்கையிடம் இன்றைக்கே பேசுங்கள். பேசிவிட்டு இங்கே ஒரு வரி எழுதுங்கள், காத்திருக்கிறேன்.