வளவில் மாட்டியிருந்த ரவிவர்மா லட்சுமி படம்: எப்படி மதிப்பிடுவது?

செட்டிநாட்டு வாசகி:
அனைவருக்கும் வணக்கம். கானாடுகாத்தானில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டுச் சாமான்களைப் பங்காளிகள் பிரித்துக்கொள்ள முடிவு செய்திருக்கிறோம். வளவில் (வீட்டின் உள்முற்றப் பகுதியில்) மாட்டியிருந்த லட்சுமி படம் ஒன்றில்தான் தீர்மானத்துக்கு வர இயலவில்லை. தேக்குச் சட்டமிட்ட அந்தப் படத்தில் புடவையின் மேல் ஜரிகையும் சம்கியும் ஒட்டப்பட்டிருக்கின்றன. கீழ் ஓரத்தில் 'ரவி வர்மா பிரஸ், கார்லா, லோனாவ்லா' என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கிறது. பார்க்க வந்த வியாபாரிகளில் ஒருவர் இது ரவிவர்மாவே தீட்டிய எண்ணெய் ஓவியம் என்றார். மற்றவர் சிவகாசிக் காலண்டர் படம் என்றார். யார் சொல்வதை நம்புவது? கண்ணாடியைக் கழற்றித் துடைக்கலாமா?

அச்சுக்கலை ஆர்வலர்:
அம்மா, அச்சக முகவரி இருப்பதால் இது கையால் தீட்டிய ஓவியம் அன்று என்பது உறுதி. ரவிவர்மா 1894இல் பம்பாயில் நிறுவிய அச்சகம், சில ஆண்டுகளில் லோனாவ்லாவுக்கு அருகே இடம் மாறி, பிறகு அங்கே பணியாற்றிய ஜெர்மானியத் தொழில்நுட்பர் ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் கைக்குப் போயிற்று. ரவிவர்மா 1906இல் மறைந்த பின்னும் அதே பெயரில் பல பத்தாண்டுகள் படங்கள் வெளிவந்தன. தூரந்தர் போன்ற பிற ஓவியர்களின் படங்களும் அவற்றுள் உண்டு. ஆகையால் அச்சகப் பெயரை மட்டும் வைத்துக் காலத்தைச் சொல்லிவிட முடியாது.

பத்து மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் லட்சுமியின் முகத்தைப் பாருங்கள். ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு சுண்ணாம்புக் கல்லில் படத்தை வரைந்து அச்சிடும் பழைய முறையில், புள்ளிகளைக் கையால் இட்டு அச்சிட்ட படமாயின், அவை ஒழுங்கற்றுச் சிதறி, பல சாயல்களில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். பிற்கால ஆஃப்செட் நகலாயின் நான்கே வண்ணங்களின் நுண்புள்ளிகள் வரிசை தவறாமல் சிறு வட்டங்களாக அமைந்திருக்கும். பழைய சட்டத்துக்குள் புதுப் படத்தைப் பொருத்தி விற்பவர்களும் இருப்பதால், சட்டத்தின் பழமையைப் படத்துக்குச் சான்றாகக் கொள்ளாதீர்கள்.

காகிதப் பாதுகாப்புப் பணியாளர்:
கண்ணாடியைத் தயவுசெய்து இப்போது கழற்ற வேண்டாம். ஈரம் கண்ட படங்களில் அச்சுப் பரப்பு கண்ணாடியின் உட்புறத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். இழுத்தால் வண்ணம் கண்ணாடியோடு வந்துவிடும். ஈரத்துணி பட்டால் ஜரிகையை ஒட்டிய பழைய கோந்து இளகிவிடும். பின்பலகையில் இராமபாணப் பூச்சி அரித்த தடம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வெயில் படாத உட்சுவரில், சுவருக்கும் பலகைக்கும் இடையே காற்றோடும்படி மாட்டிவையுங்கள்.

பழம்பொருள் சேகரிப்பாளர்:
விலையைப் பற்றி ஒன்றை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்: வாங்க விரும்புகிறவரையே மதிப்பீட்டாளராக வைத்துக்கொள்ளாதீர்கள். கட்டணம் பெற்றுக்கொண்டு எழுத்தில் மதிப்பீடு தருகிற, அந்தப் பொருளை வாங்கவோ விற்றுத் தரவோ முன்வராத ஒருவரிடம் காட்டுங்கள். பங்காளிகளிடையே பின்னாளில் மனக்கசப்பு வராமலிருக்கவும் அதுவே வழி. லட்சுமி, சரஸ்வதி படங்கள் மிகப் பெரிய எண்ணிக்கையில் அச்சானவை என்பதால் அருமை என்ற வகையில் அவற்றுக்கு விலை ஏறுவதில்லை. ஆனால் ஓரம் வெட்டப்படாமல் அச்சக முகவரியோடு இருப்பதும், அக்காலத்து ஜரிகை வேலைப்பாடும் மதிப்பைக் கூட்டும். உதிர்ந்த சம்கிக்குப் பதிலாகப் புதியதை ஒட்டினால் அந்த மதிப்பு குறையும்.

செட்டிநாட்டு வாசகி:
மிக்க நன்றி. உருப்பெருக்கியில் பார்த்தபோது புள்ளிகள் ஒழுங்கற்றே தெரிகின்றன. வலது மூலையில் தாள் கண்ணாடியோடு ஒட்டியிருப்பதால் நாங்கள் கை வைக்கவில்லை. சிங்கப்பூரில் வசிக்கும் என் அத்தை இதைத் தம் பங்காக எடுத்துச் செல்ல விரும்புகிறார். அதற்குத் தடை உண்டா?

பழம்பொருள் சேகரிப்பாளர்:
உண்டு. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டப்படி, நூறாண்டுக்குக் குறையாத பழமையுள்ள கலைப்பொருள்களைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்ல முடியாது. உங்கள் படம் அந்த வயதைத் தொட்டிருக்க வாய்ப்பிருப்பதால், முதலில் இந்தியத் தொல்லியல் துறையிடம் காட்டுங்கள். தொல்பொருள் அன்று என்று அவர்கள் சான்றிதழ் அளித்தால் எடுத்துச் செல்லலாம். அளிக்காவிட்டால் படம் இங்கேதான் இருக்க வேண்டும். ஆகவே பாகப்பிரிவினைப் பத்திரத்தில் அத்தையின் பெயருக்கு எழுதும் முன்பே இதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.