ஆடிட், டாக்ஸ் அப்ரண்டிஸ்ஷிப்: வெள்ளிக்கிழமைக்குள் 950 பவுண்டு கேட்கிறார்கள், கட்டலாமா?

மதுரை மல்லி
எல்லோருக்கும் வணக்கம். பதற்றத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆடிட், டாக்ஸ் துறையில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் லெவல் 7 (முதுகலை அளவு) அப்ரண்டிஸ்ஷிப் வாங்கித் தருவதாக இங்கிலாந்தில் ஒரு பயிற்சி நிறுவனம் சொன்னது. வீடியோவில் இருபது நிமிடம் பேசினார்கள். மறுநாள் காலையிலேயே "உங்கள் இடம் உறுதி" என்று மெயில் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குள் 950 பவுண்டு முன்பணம் கட்டினால்தான் இடம் நிற்குமாம். கட்டினால் அடுத்த மாத வாடகை கையைக் கடிக்கும். விட்டுவிட்டால் இப்படி ஒன்று மறுபடி வருமா தெரியவில்லை. காலையிலிருந்து அந்த மெயிலையே திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். கல்லூரி முதலாண்டு அளவான லெவல் 4 நல்லதா, லெவல் 7 நல்லதா? சேர்ந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

லூட்டன் வாசி
தங்கச்சி, முதலில் கையில் ஒரு வேலையைப் பிடியுங்கள், படிப்பு அப்புறம். நான் 2009 நவம்பரில் வந்தேன். எம்.காம். முடித்தவன். முதல் ஐந்து மாதம் கிடங்கில் இரவு வேலை. குளிர் அறையில் தயிர் டப்பாக்களை அடுக்க வேண்டும், கையுறைக்குள் விரல் மரத்துப்போகும். காலை ஆறு மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது அம்மாவுக்குப் போன் போட்டு "ஆபீஸிலிருந்து இப்போதுதான் வருகிறேன்" என்று சொல்வேன். அந்தச் சம்பளத்தில் சேர்த்ததை வைத்துத்தான் கணக்காளர் தகுதிக்கான ஏ.சி.சி.ஏ. தாள்களை எழுதத் தொடங்கினேன். எந்த வேலையும் கேவலம் இல்லை.

ஈஸ்ட் ஹாம் பையன்
லெவல் 7 கதை முடிந்துவிட்டது அக்கா. ஜனவரி 2026 முதல் அரசு அதற்குப் பணம் தருவதில்லை. மறந்துவிடுங்கள்.

வெம்பிளி அக்கா
முடிந்துவிட்டது என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லாதே தம்பி, அந்தப் பெண் ஏற்கெனவே பயந்துபோய் இருக்கிறாள். என் அண்ணன் மகள் பள்ளியில் ஏ லெவல் முடித்த கையோடு 18 வயதில் ஒரு ஆடிட் நிறுவனத்தில் சேர்ந்தாள். முதலில் லெவல் 4, அது முடிந்ததும் அங்கேயே லெவல் 7. கல்லூரிக் கடன் ஒரு பைசா கிடையாது, மாதாமாதம் சம்பளம், புத்தகமும் தேர்வுக் கட்டணமும் நிறுவனத்தின் செலவு. 21 வயது வரை தொடங்குபவர்களுக்கு இன்னும் அரசுப் பணம் உண்டு. 24 வரை சில விசேஷக் காரணங்களுக்கும் உண்டு.

ஈஸ்ட் ஹாம் பையன்
சரிதான் அக்கா, வயது வரம்பைச் சொல்லாமல் விட்டது என் தப்பு. ஆனால் இங்கே கேட்பவருக்குப் பதினெட்டு வயதா என்ன? அதுவே நமக்குத் தெரியாதே.

ஹாரோ சிவா
பிள்ளை, மூன்று வருடம் இந்த நாட்டில் இருந்திருந்தால்தான் எடுப்பார்கள் என்று பலர் பயமுறுத்துவார்கள். என்னிடம் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. நான் வந்து இரண்டாம் வருடமே கணக்கு உதவியாளர் படிப்பான ஏ.ஏ.டி. லெவல் 3இல் அப்ரண்டிஸாகச் சேர்ந்தனான். அப்போது எனக்கு 31 வயது. பக்கத்து மேசையில் பதினேழு வயதுப் பொடியன். யாழ்ப்பாணத்தில் கணக்கியல் படிப்பித்த நான், அவனிடம் போட்டோக்காப்பி மெஷினை எப்படித் திறப்பது என்று கேட்டுப் படித்தேன். வயதைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள்.

கோவை சி.ஏ.
எனக்கு ஒன்று புரியவில்லை. நம் ஊரில் சி.ஏ.வுக்காக ஆடிட்டரிடம் பயிற்சி எடுக்கும் ஆர்ட்டிகிள்ஷிப் என்று ஒன்றை வைத்துக்கொண்டு இங்கே வந்து எதற்கு அப்ரண்டிஸ்ஷிப்? சி.ஏ. ஃபைனலை முடித்துவிட்டு வந்திருக்கலாம். இந்தியச் சி.ஏ.வுக்கு ஏ.சி.சி.ஏ.வின் 13 தாள்களில் 9 தாள் விலக்கு. மீதி நான்கு எழுதினால் முடிந்தது.

வெம்பிளி அக்கா
ஏற்கெனவே இங்கே வந்துவிட்ட பெண்ணிடம் "முடித்துவிட்டு வந்திருக்கலாம்" என்று சொல்லி என்ன பயன்?

குரோய்டன் தோழி
முடித்துவிட்டு வந்தாலும் இவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "யு.கே. எக்ஸ்பீரியன்ஸ் இருக்கிறதா?" நான் பதினொரு மாதம் விண்ணப்பம் போட்டேன். நள்ளிரவில் அனுப்பினால் காலை காபி போடுவதற்குள் நிராகரிப்பு வந்திருக்கும். என் பெயரைக்கூட யாரும் படித்திருக்க மாட்டார்கள். வேலை கிடைத்தால்தான் அனுபவம், அனுபவம் இருந்தால்தான் வேலை. இந்தப் பூட்டுக்குச் சாவி எங்கே இருக்கிறது?

லூட்டன் வாசி
அதேதான். இதில் வாடகை, கவுன்சில் டாக்ஸ், ரயில் சீசன் டிக்கெட். ஊரில் இருப்பவர்கள் பவுண்டை ரூபாயாகப் பெருக்கிப் பார்த்துவிட்டு "உனக்கென்ன குறை" என்கிறார்கள்.

ஈஸ்ட் ஹாம் பையன்
அறை வாடகையைப் பற்றிப் பேசினால் விடிந்துவிடும் அண்ணா. போன வருடம் ஒரு பெட்டி அறைக்கு…

ரெடிங் ஆடிட்டர்
எல்லோரும் ஒரு நிமிடம். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது. மல்லி, இந்த நான்கையும் சொல்லுங்கள், மற்றதைப் பிறகு பேசலாம். என்ன விசாவில் இருக்கிறீர்கள்? எந்த மாதம் வந்தீர்கள்? வயது என்ன, ஊரில் எதுவரை படித்தீர்கள்? கடைசியாக, அந்த மெயிலில் உங்களுக்கு வேலை தரப்போகிற நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா? பயிற்சி நிறுவனத்தின் பெயரைக் கேட்கவில்லை, சம்பளம் கொடுக்கப்போகிறவர் பெயரைக் கேட்கிறேன்.

மதுரை மல்லி
மன்னிக்கவும், இதையெல்லாம் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். கணவர் ஸ்கில்டு வொர்க்கர் விசா, நான் அவருடைய டிபெண்டென்ட். பிப்ரவரி 2025இல் வந்தேன். வயது 27. பி.காம்., அதோடு சி.ஏ. இன்டர் இரண்டு குரூப்பும் பாஸ். மதுரையில் இரண்டு வருடம் ஆர்ட்டிகிள்ஷிப் செய்தேன், மூன்றாவது வருடம் கல்யாணம். மெயிலை மறுபடி மேலிருந்து கீழ் படித்தேன். வேலை தருபவர் பெயர் எங்கேயும் இல்லை.

ரெடிங் ஆடிட்டர்
நினைத்தேன். பணம் கட்டாதீர்கள்.

அப்ரண்டிஸ்ஷிப் என்பது முதலில் ஒரு வேலை. ஒரு முதலாளி, ஓர் ஒப்பந்தம், மாதச் சம்பளம் எல்லாம் அமைந்த பிறகுதான் அதற்குள் படிப்பு வரும். பயிற்சிக்கும் தேர்வுக்கும் ஆகும் செலவை முதலாளியும் அரசும் பார்த்துக்கொள்வார்கள். படிப்பவரிடம் அதற்காக ஒரு பவுண்டு கேட்பதற்கும் விதியில் இடமில்லை. வேலை தருபவரே இல்லாமல் "இடம் உறுதி" என்றால், எந்த இடம்? வங்கி விவரங்களை ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றே 159க்கு அழையுங்கள், உங்கள் வங்கியோடு இணைப்பார்கள். இனிமேல் அரசின் 'ஃபைண்ட் அன் அப்ரண்டிஸ்ஷிப்' தளத்தில் மட்டும் தேடுங்கள். பெரும்பாலான விளம்பரங்களில் முதலாளி பெயர், சம்பளம், பயிற்சி தருபவர் பெயர் மூன்றும் இருக்கும்.

அடுத்தது உங்கள் நிலைமை. இங்கிலாந்தில் அரசுப் பணத்தில் அப்ரண்டிஸாகச் சேர, உங்களைப் போன்ற விசாவில் இருப்பவர்கள் தொடங்கும் நாளுக்கு முன் மூன்று வருடம் இங்கே வசித்திருக்க வேண்டும். உங்களுக்கு அது பிப்ரவரி 2028. சிவா அண்ணா, உங்களிடம் கேட்காததற்குக் காரணம் அகதி அந்தஸ்தாக இருக்கலாம். அவர்களுக்கு அந்த மூன்று வருடக் கணக்கு இல்லை.

ஹாரோ சிவா
ஓம், அப்படித்தான். நான் அதை எழுதாமல் விட்டது பிழை. தங்கச்சி, என் கதையை வைத்து முடிவு எடுக்காதீர்கள்.

ரெடிங் ஆடிட்டர்
லெவல் 7க்கு உங்களுக்கு இப்போதே வயது வரம்பு தாண்டிவிட்டது. லெவல் 4க்கு வயது வரம்பு இல்லை, ஆனால் இன்டர் பாஸ் செய்த ஒருவர் அதற்காக இரண்டு வருடம் காத்திருப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. உங்களுக்கு வேறு வாசல் இருக்கிறது. அப்ரண்டிஸ்ஷிப் என்ற பெயர் இல்லாமலே ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டு ஏ.சி.சி.ஏ. எழுதலாம். சில நிறுவனங்கள் தேர்வுச் செலவையும் ஏற்கும், நேர்காணலில் கூச்சப்படாமல் கேளுங்கள். எத்தனை தாள் எழுத வேண்டாம் என்று காட்டும் விலக்குக் கணிப்பான் ஏ.சி.சி.ஏ. தளத்தில் இருக்கிறது. பி.காம்., இன்டர் இரண்டையும் பாஸ் செய்த ஆண்டோடு போட்டுப் பாருங்கள். விலக்குக்கும் தாளுக்கு இவ்வளவு என்று கட்டணம் உண்டு, அதையும் கணக்கில் சேருங்கள். தேர்வுகள் மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் என வருடத்துக்கு நான்கு முறை.

இன்னொன்று. ஏ.சி.சி.ஏ. உறுப்பினராக 36 மாத வேலை அனுபவம் காட்ட வேண்டும். பதிவு செய்வதற்கு முன் பார்த்த வேலையும் அதில் சேரும். உங்களுக்கு மேலே இருந்தவர் சி.ஏ. என்பதால், அவர் ஒப்புதல் தந்தால் மதுரையில் செய்த இரண்டு வருடம் வீண் போகாது. நான் விருதுநகர்ப் பக்கம் ஒரு மில்லில் பஞ்சுப் பொதிகளை எண்ணியதும், பச்சைப் பேனாவால் வவுச்சர் வவுச்சராக டிக் அடித்ததும் இந்த நாட்டில் ஒருவருக்கும் தேவைப்படாது என்று நினைத்திருந்தேன். என் அனுபவக் கணக்கில் முதலில் ஏறியது அவைதான்.

குரோய்டன் தோழி
மல்லி, நான் செய்த ஒரு பெரிய தவறைச் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பத்தில் "ஸ்பான்சர்ஷிப் தேவையா?" என்று, அதாவது உங்கள் விசாவுக்கு முதலாளி பொறுப்பேற்க வேண்டுமா என்று, ஒரு கேள்வி வரும். விசாவில்தானே இருக்கிறோம் என்று எல்லாவற்றிலும் "ஆம்" போட்டேன். நானும் உங்களைப் போல டிபெண்டென்ட்தான். நமக்கு வேலை செய்யும் உரிமை ஏற்கெனவே இருக்கிறது, முதலாளி ஸ்பான்சர் செய்ய வேண்டியதில்லை. "இல்லை" என்று மாற்றிய மாதமே இரண்டு நேர்காணல் வந்தது. சி.வி.யின் முதல் வரியிலேயே "முழு நேர வேலை உரிமை உண்டு, ஸ்பான்சர்ஷிப் வேண்டாம்" என்று எழுதுங்கள்.

கோவை சி.ஏ.
முதலில் சற்றுக் கடுமையாகப் பேசிவிட்டேன், வருத்தம். உருப்படியாக ஒன்று சொல்கிறேன். நம் ஊரில் பெட்டிக்கடை அளவு கம்பெனியானாலும் ஆடிட் கட்டாயம். இங்கே அப்படி இல்லை. ஏப்ரல் 2025க்குப் பிறகு தொடங்கிய கணக்காண்டுகளில் விற்பனை 1.5 கோடி பவுண்டு, சொத்து 75 லட்சம் பவுண்டு, ஊழியர் 50 பேர் என்ற மூன்று வரம்பில் இரண்டுக்குள் அடங்கும் கம்பெனிகள் பெரும்பாலும் ஆடிட் செய்யத் தேவையில்லை. அதனால் தெருமுனை அக்கவுண்டண்டிடம் சேர்ந்தால் ஆடிட் கிடைக்காது. கணக்கு முடிப்பது, வாட், டாக்ஸ், சம்பளப் பட்டியல் என்றுதான் போகும். ஆடிட்தான் வேண்டும் என்றால் கொஞ்சம் பெரிய நிறுவனமாகப் பாருங்கள்.

வெம்பிளி அக்கா
தெருமுனை அலுவலகம் என்று லேசாக நினைக்க வேண்டாம். நான் அதில்தான் தொடங்கினேன். ஜனவரி 31 வரி கட்ட கடைசி நாள். 29ஆம் தேதி ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர் இரண்டு பிளாஸ்டிக் பை நிறைய ரசீது கொண்டுவந்து மேசையில் கொட்டினார். பாதி எண்ணெய்க் கறை, மிளகாய்த்தூள் வாசனை, எழுத்து அழிந்த துண்டுகளை விளக்குக்கு நேராகப் பிடித்துப் படித்தேன். சூடாக விற்ற வடைக்கு 20 சதவீத வாட், பாக்கெட்டில் விற்ற இட்லி மாவுக்குப் பூஜ்யம். ஒரே கல்லாவில் விழுந்த பணத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும். அன்றைக்கு விடிய விடியக் கற்றதை எந்த வகுப்பிலும் கற்கவில்லை. இப்போது இந்த அலுவலகங்களுக்கு ஆள் தேவை. ஏப்ரல் 2026 முதல் சுயதொழில், வாடகை வரவு 50,000 பவுண்டைத் தாண்டியவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரித்துறைக்கு மென்பொருள் வழியே கணக்கு அனுப்ப வேண்டும். ஏப்ரல் 2027 முதல் அது 30,000 ஆக இறங்குகிறது. உங்கள் பக்கத்தில் தமிழ்க் கடைகள் இருந்தால் "உங்கள் கணக்கை யார் பார்க்கிறார்கள்?" என்று கேளுங்கள். எனக்கு முதல் வேலை அப்படித்தான் ஒரு மளிகைக்கடை அண்ணன் மூலம் கிடைத்தது.

லூட்டன் வாசி
தங்கச்சி, எந்த வேலையானாலும் பிடி என்று சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். உங்கள் கையில் இன்டர் இருக்கிறது. கிடங்கில் ஐந்து மாதம் போனது போகட்டும், கணக்கு வேலைக்குத் திரும்ப எனக்கு மூன்று வருடம் ஆனது. துறைக்குள்ளேயே, சின்ன சம்பளமானாலும், கால் வையுங்கள்.

மதுரை மல்லி
நேற்று இரவு அவர்களிடம் "வேலை தரும் நிறுவனத்தின் பெயர் என்ன?" என்று ஒரே வரியில் கேட்டு மெயில் போட்டேன். "பணம் வந்த பிறகு தேடித் தருவோம்" என்று பதில். பணம் கட்டவில்லை. வங்கி விவரமும் கொடுத்திருக்கவில்லை, நல்லவேளை. கணிப்பானில் போட்டுப் பார்த்தேன், நினைத்ததைவிட அதிக விலக்கு காட்டுகிறது. இரண்டு விண்ணப்பங்களில் ஸ்பான்சர்ஷிப் கேள்விக்கு நானும் "ஆம்" போட்டிருக்கிறேன், இன்றைக்கு மாற்றி அனுப்புகிறேன். ஒரு சந்தேகம் மட்டும். ஆர்ட்டிகிள்ஷிப்பைப் பாதியில் விட்டு வந்ததில் சாருக்கு வருத்தம். ஒரு வருடமாகப் பேசவில்லை. ஒப்புதல் கேட்டால் தருவாரா?

ரெடிங் ஆடிட்டர்
கேளுங்கள் அம்மா. என்னென்ன வேலை, எந்த வாடிக்கையாளர், எந்த மாதம் என்று நீங்களே ஒரு பக்கத்துக்குள் எழுதி அனுப்பிவிட்டு அப்புறம் போன் போடுங்கள். அவர் படித்துப் பார்த்து ஆன்லைனில் ஒப்புதல் தந்தால் போதும். மார்ச் முடிவதற்குள் பேசிவிடுங்கள். ஏப்ரலில் வங்கிக் கிளை ஆடிட் தொடங்கிவிட்டால் மதுரையில் எந்த சாரும் போனை எடுக்கமாட்டார்.