கை பெருசு, அப்பாவோட .32 பிஸ்டல் கடிக்குது, எதுக்கு மாறலாம்? உதவி தேவை

ஏலத்தோட்டம்_கம்பம்:
அண்ணன்மாரே வணக்கம். எனக்கு கம்பம், ஏலத்தோட்டம் மேல கேரளாவுல வண்டன்மேடு பக்கம். அப்பாவுக்கு 74 வயசாச்சு, அவரு ரொம்ப வருசமா வச்சிருந்த வால்தர் பிபிகே .32ஐ வாரிசு முறைல என் பேருக்கு மாத்தியாச்சு, ட்ரெயினிங் சர்டிபிகேட்டும் வாங்கிட்டேன். பிரச்சனை என்னன்னா அப்பா கை சின்னது, எனக்கு தாத்தா கை. மணிக்கட்டு ரேகைலேர்ந்து நடுவிரல் நுனி வரைக்கும் 21.5 செ.மீ. வருது. கிளப் ரேஞ்சுல போன மாசம் 30 ரவுண்டு சுட்டேன், அதுக்குள்ள பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இருக்குற கவைல ரெண்டு கோடு போட்ட மாதிரி தோலு கிழிஞ்சு ரத்தம் வந்துருச்சு. சுண்டுவிரல் நிக்க இடமே இல்ல, கீழ அந்தரத்துல தொங்குது. குண்டெல்லாம் வலது பக்கமா போகுது. மூணு தடவ சுட்ட கேஸ் (காலி தோட்டா கூடு) வெளிய போகாம வாய்ல நட்டுக்கிட்டு நின்னுச்சு, ஒரு தடவ மேகசின் உள்ளயே தோட்டா சிக்கிக்கிச்சு.

ரொம்ப தடியாவும் வேணாம், போடில ஏலம் முடிச்சு பணத்தோட வர்ற நாள்ல இடுப்புல வைக்கணும், சட்டைக்கு வெளிய தெரியக்கூடாது. அதனால ஒத்த வரிசை மேகசின் (தோட்டா ஒண்ணு மேல ஒண்ணா ஒரே வரிசைல நிக்குறது), நடுத்தர சைஸ், பிடி நீளமா இருக்குறது எதுன்னு சொல்லுங்க. அப்பா துப்பாக்கிய விக்க மனசு வரல.

டெக்சாஸ்_மச்சான்:
என் தங்கச்சி வீட்டுக்காரர் அமெரிக்கால இருக்காரு, அவருக்கும் கை பெருசு. கிளாக் 48 வச்சிருக்காரு, 10 ரவுண்டு, மெலிசு, பிடில மூணு விரலும் நல்லா உக்காருது. 43எக்ஸும் அதே பிடி தான், பேரல் மட்டும் குட்டை. அத பாருங்க ப்ரோ.

ரிட்டையர்டு_சுபேதார்_தேனி:
தம்பி அது 9 எம்எம். நம்ம நாட்டுல சாதாரண லைசென்ஸ்ல 9 எம்எம் பிஸ்டல் வாங்க முடியாது, அது தடை செஞ்ச போர் (குழல் அளவு). .32ல தான் தேடணும், அதனால அமெரிக்காக்காரன் பேசுற லிஸ்ட்ட அப்படியே இங்க தூக்கிட்டு வராதீங்க, கேக்குற பையன் தப்பா எங்கயாவது அட்வான்ஸ் குடுத்துருவான்.

கம்பம் தம்பிக்கு. உன் நாலு கோளாறுக்கும் காரணம் ஒண்ணு இல்ல, தனித்தனியா பாக்கணும். கவைல கோடு விழுறது ஸ்லைடு கடி, ஸ்லைடுன்னா சுடும்போது பின்னால போய் வர்ற மேல் பாகம். பிபிகேல பிடிக்கு மேல பின்னால நீட்டியிருக்குற வாலு ரொம்ப குட்டை, ஸ்லைடு பின்னால வரும்போது பெரிய கையோட சதை அதுக்கு மேல பிதுங்கி நிக்கும், ஸ்லைடோட அடி விளிம்பு அத சீவிட்டுப் போகும். அதோட இது ப்ளோபேக் துப்பாக்கி, பூட்டு கீட்டு எதுவும் இல்ல, ஸ்லைடோட எடையும் ஸ்பிரிங்கும் தான் தாங்குது, அதனால சின்ன தோட்டாவா இருந்தும் உதறல் சுருக்குன்னு இருக்கும்.

வலது பக்கம் போறதுக்கு காரணம் உன் விரல் நீளம். ஆள்காட்டி விரல் ட்ரிகருக்குள்ள மடிப்பு வரைக்கும் போயிருது, நீ நேரா இழுக்குறதா நெனைப்ப, ஆனா பக்கவாட்டுல இழுத்துருவ. விரல் நுனிக்கும் முதல் மடிப்புக்கும் நடுவுல இருக்குற மெத்தை மட்டும் ட்ரிகர்ல படணும். மேகசின கழட்டிரு, ஸ்லைட இழுத்து, தோட்டா உக்காருற சேம்பர் காலின்னு கண்ணாலயும் விரலாலயும் ரெண்டு தடவ பாரு, அப்புறம் பிடிச்சுப் பாத்து விரல் எங்க உக்காருதுன்னு சொல்லு.

கேஸ் நட்டுக்கிட்டு நிக்குறதுக்கு பாதி காரணம் சுண்டுவிரல். ரெண்டு விரல்ல பிடிச்சா மணிக்கட்டு தளர்ந்து துப்பாக்கி மொத்தமா பின்னால போயிரும், ஸ்லைடு முழுசா போய் வராது.

குமுளி_பேபிச்சன்:
சேட்டா, மேகசின் உள்ள சிக்குனது வேற விஷயம். .32 பிஸ்டல் தோட்டாக்கு பின்பக்க விளிம்பு கொஞ்சம் வெளிய நீட்டியிருக்கும். மேல இருக்குற தோட்டாவோட விளிம்பு கீழ இருக்குறதோட விளிம்புக்கு பின்னால விழுந்துருச்சுன்னா பூட்டிக்கும், ஸ்லைடு எவ்ளோ தள்ளுனாலும் வராது. நெறைக்கும்போது ஒவ்வொண்ணும் அதுக்கு கீழ இருக்குறதுக்கு முன்னால விளிம்பு நிக்குற மாதிரி வச்சு நெறைக்கணும், மேகசின சும்மா ஜேப்புல போட்டு குலுக்கிட்டே நடக்கக்கூடாது. மழுங்கின மூக்கு, நீளம் கம்மியான தோட்டால இது கூட வரும்.

இன்னொண்ணு, கடைல .32ன்னு மட்டும் கேட்டா ரிவால்வர் தோட்டா எடுத்து வைக்கும், அது .32 எஸ்&டபிள்யூ லாங், உங்களுக்கு வேண்டியது 7.65 பிரவுனிங். லைசென்ஸ்ல ரெண்டுக்கும் .32ன்னு தான் எழுதியிருக்கும்.

ஏலத்தோட்டம்_கம்பம்:
சுபேதார் ஐயா, பாத்துட்டேன், நீங்க சொன்ன மாதிரியே மடிப்பு வரைக்கும் உள்ள போகுது. அப்ப பிபிகேக்கு பதிலா அதோட பெரிய மாடல் வால்தர் பிபி வாங்குனா சரியாயிருமா? ஒரு எஸ்டேட்காரர் விக்கிறதா சொன்னாரு.

ரிட்டையர்டு_சுபேதார்_தேனி:
சுண்டுவிரல் மட்டும் சரியாகும். பிபி 1929ல வந்தது, பிபிகே அதுக்கு அப்புறம் அதையே குட்டையாக்கி செஞ்சது. பிபில பிடி நீளம், 8 ரவுண்டு, பிபிகேல 7. ஆனா அந்த பின்வாலு ரெண்டுலயும் ஒண்ணு தான், அதனால கடி நிக்காது. பணம் குடுத்து அதே காயத்த திரும்ப வாங்காத.

என் கணக்குக்கு உன் கைக்கு பொருத்தம் எஃப்என் 1922. பழைய 1910 மாடல நீட்டி யுகோஸ்லாவியா ராணுவத்துக்காக செஞ்சது, .32ல 9 ரவுண்டு ஒத்த வரிசை, பிடி நல்ல நீளம், வெளிய சுத்தியல் (ஹேமர்) இல்ல, அதனால அந்த வகைல கவையில எதுவும் குத்தாது. குறைன்னு பாத்தா குறி பாக்குற சைட் ரொம்ப சின்னது, வயசான துப்பாக்கி, ஸ்பிரிங் மாத்தணும். இன்னொண்ணு பெரெட்டா 82, இது 81ஓட மெலிஞ்ச தம்பி. 81ல ரெட்டை வரிசை 12 ரவுண்டு, 82ல ஒத்த வரிசை 9. கெடைச்சா யோசிக்காத. ஆனா வெளிநாட்டு துப்பாக்கி இறக்குமதி 80கள்லயே நின்னுருச்சு, அதனால நாட்டுல சுத்துறது எல்லாமே பழசு, வெல கேட்டா தலை சுத்தும்.

பாலக்காடு_வேலந்தாவளம்:
அஷானிய விட்டுட்டீங்களே? நம்ம ஆர்டினன்ஸ் பேக்டரி பிஸ்டல், .32, புதுசா பேக்டரி பில்லோட வரும். கை பெருசா இருந்தா கான்பூர் .32 ரிவால்வரும் ஒரு வழி, ஸ்லைடே கிடையாது, கடிக்க எதுவும் இல்ல, பிடிக்கட்டைய உங்க கைக்கு ஏத்த மாதிரி பெருசா போட்டுக்கலாம். எங்க மாமா ஈட்டி மரத்துல ஆசாரிகிட்ட செஞ்சு போட்டாரு, அம்சமா உக்காந்துச்சு. இடுப்புல உருளை கொஞ்சம் துருத்தும், அது ஒண்ணு தான்.

ஏலத்தோட்டம்_கம்பம்:
ரிவால்வர் யோசிச்சேன்ணே, ஆனா நான் ஜீப்புலயே தான் நாள் பூரா உக்காந்திருப்பேன், உருளை விலாவுல இடிக்கும். அஷானிய கைல பிடிச்சுப் பாக்காம சொல்ல முடியல, மதுரைக்கு போறப்ப பாக்குறேன். இன்னொரு சந்தேகம், கூடவே காட்டுப்பன்னிக்கும் ஆனைக்கும் ஒரு தைரியமா இருக்குமா? 2023 மே மாசம் அரிக்கொம்பன் ஆனை கம்பத்துக்குள்ள வந்தப்ப எங்க தெருவே கதவடைச்சுக் கெடந்துச்சு, அந்த பயம் இன்னும் போகல.

ரிட்டையர்டு_சுபேதார்_தேனி:
கூடவே கூடாது தம்பி. .32ஆல ஆனைக்கு ஒண்ணும் ஆகாது, வலி தான் ஆகும், அப்புறம் அது உன்னையும் விடாது, அடுத்து வர்றவனையும் விடாது. சட்டமும் சும்மா விடாது. பன்னிக்கும் அதே கதை. இது மனுசன் கிட்ட வந்தா உயிர காப்பாத்த மட்டும், அதுவும் ஓடுறதுக்கு வழியே இல்லாதப்ப.

குமுளி_பேபிச்சன்:
ஆரும் கேக்காத முக்கியமான காரியம் ஒண்ணு. உங்க லைசென்ஸ் தேனி கலெக்டர் குடுத்ததா? ஏரியா வேலிடிட்டில, அதான் எந்தெந்த எடத்துக்கு செல்லும்ங்குற எடத்துல, என்ன எழுதியிருக்கு? தமிழ்நாடு மட்டும்னா கேரளா எல்லைல கம்பம்மெட்டு செக்போஸ்ட் தாண்டுன நிமிஷம் லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி வச்ச மாதிரி தான். அப்பாக்கு இருந்துச்சு, எனக்கும் இருக்கும்னு நெனைக்காதீங்க, புதுசா எழுதும்போது விட்டுப் போயிருக்கும். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இப்படித்தான் அரை நாள் ஸ்டேஷன்ல உக்காந்தாரு.

ஏலத்தோட்டம்_கம்பம்:
ஐயோ. இப்பத்தான் எடுத்துப் பாத்தேன். தமிழ்நாடு மட்டும்னு தான் இருக்கு. நல்ல வேளை இன்னும் மேல கொண்டு போகல, ரேஞ்சுக்கு எடுத்துட்டுப் போனத தவிர ரெண்டு மாசமா வீட்டு பீரோலயே இருக்கு. திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் போறேன். ரொம்ப நன்றி சேட்டா, துப்பாக்கி வாங்குற சந்தேகத்த விட இது பெருசு.

ரிட்டையர்டு_சுபேதார்_தேனி:
அப்பா துப்பாக்கிய விக்க வேண்டாம். ஆயுத சட்டத்துல 2019 திருத்தத்துக்கு அப்புறம் ஒரு ஆளுக்கு ரெண்டு துப்பாக்கி வரைக்கும் வச்சுக்கலாம், அதனால இத வச்சுக்கிட்டே இன்னொண்ணுக்கு அனுமதி கேக்கலாம். பழசு யார்கிட்டயாவது வாங்குனா, விக்கிறவர் கலெக்டருக்கோ ஸ்டேஷனுக்கோ எழுதிக் குடுத்து 45 நாள் கழிஞ்சாத்தான் கை மாத்தணும். எழுதிக் குடுத்த காப்பிய பாக்காம பணம் குடுக்காத.

அதுவரைக்கும் பிபிகேய சமாளிக்க: சைக்கிள் ட்யூப் ஒரு துண்டு வெட்டி பிடில இறுக்கமா மாட்டு, பிடி தடிமனாகும், விரல் உள்ள போறது கொறையும். சுண்டுவிரல் தாங்குற நீட்டம் வச்ச மேகசின் பிபிகேக்கே இருக்கு, டீலர் மூலமா மட்டும் கேளு. கைய கால் அங்குலம் கீழ எறக்கிப் பிடி, கவைல மருத்துவ டேப்பு ரெண்டு சுத்து. இரும்புல அரம் வைக்காத, லைசென்ஸ் இல்லாத மெக்கானிக்கிட்ட குடுக்கவும் குடுக்காத.

ஏலத்தோட்டம்_கம்பம்:
அப்டேட். மூணு வாரம் ஆச்சு. டிவிஎஸ் 50 ட்யூப் கெடைச்சுச்சு, அத மாட்டி டேப் சுத்தி 10 மீட்டர்ல 25 ரவுண்டு சுட்டேன். ரத்தம் இல்ல, தோலு செவந்திருச்சு அவ்ளோதான். வலது பக்கம் போறது பாதிக்கு மேல நின்னுருச்சு. தோட்டா நெறைக்கும்போது பேபிச்சன் சொன்ன மாதிரி விளிம்பு பாத்து வச்சேன், ஒரு தடவ கூட சிக்கல. கேஸ் ஒரே ஒரு தடவ நட்டுச்சு, அது கடைசி மேகசின்ல கை சோந்தப்ப.

மதுரைல அஷானிய பிடிச்சுப் பாத்தேன், பிபிகேய விட நல்லா இருக்கு, ஆனா என் மனசு 1922 மேல தான் நிக்குது. ராஜபாளையம் பக்கம் ஒருத்தர்கிட்ட இருக்குதாம், 45 நாள் கடுதாசி போன வாரம் குடுத்துட்டாரு, காப்பி என் கைல இருக்கு. கேரளா வேலிடிட்டிக்கு மனு குடுத்தாச்சு, தோட்டத்து பட்டா நகல், ஏல கமிசன் கடை பில்லு எல்லாம் இணைச்சேன். அப்பாகிட்ட பிபிகே நம்மகிட்டயே தான் இருக்கும்னு சொன்னேன், ஒண்ணும் பேசல, எழுந்து போய் எண்ணெய்த் துணி எடுத்துட்டு வந்து துடைக்க உக்காந்துட்டாரு.

குமுளி_பேபிச்சன்:
சந்தோஷம். வேலிடிட்டி ஆர்டர் கைல வர்ற வரைக்கும் மெட்டு ஏறும்போது வெறுங்கையோட வாங்க.