டிசிபி சர்வரில் தேங்கும் இணைப்புகள்: உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. சென்சார்களிலிருந்து தகவல் வாங்க லினக்ஸில் ஒரு குட்டி டிசிபி (நெட்வொர்க் இணைப்பு முறை) சர்வர் ஓட்டுகிறேன். சி மொழி, ஈபோல் (பல இணைப்புகளை ஒரே சமயத்தில் கவனிக்கும் லினக்ஸ் வசதி). மெமரி மிகக் குறைவாக எடுப்பதால் இதைக் கைவிட மனமில்லை.

சில மணி நேரம் நன்றாக ஓடும். அப்புறம் புது இணைப்பு எதையும் ஏற்காது. லாக்கில் 'டூ மெனி ஓபன் ஃபைல்ஸ்' என்று வருகிறது (ஒவ்வொரு இணைப்பும் ஒரு திறந்த ஃபைலாகக் கணக்காகும்). இணைப்புகளின் நிலையைக் காட்டும் எஸ்எஸ் கட்டளை கொடுத்தால் ஏகப்பட்ட இணைப்புகள் க்ளோஸ்-வெயிட் நிலையில் நிற்கின்றன. அதாவது எதிர்முனை மூடிவிட்டது, என் பக்கம் மூடவில்லை. ரீட் 0 தந்தால் (எதிர்முனை முடித்துவிட்டது என்று பொருள்) க்ளோஸ் செய்யும்படிதான் எழுதியிருக்கிறேன். ஆனால் எட்ஜ்-ட்ரிகர் முறை (புதிதாக ஏதாவது வந்தால் மட்டும் அறிவிக்கும்) என்பதால், ஈ-அகெய்ன் (இப்போதைக்குப் படிக்க ஒன்றுமில்லை என்ற பதில்) வரும்வரை படிக்காவிட்டால் அந்த 0 கைக்கு வராமலே போகுமோ என்று சந்தேகம். யூலிமிட் கட்டளையில், திறந்த ஃபைல்களுக்கான 1024 வரம்பை ஏற்றினால் பிரச்சினை தள்ளித்தான் போகும்.

படிக்க மீதி இருக்கும்வரை திரும்பத் திரும்ப அறிவிக்கும் லெவல்-ட்ரிகருக்கு மாறிவிடலாமா? இப்படி ஓட்டிய அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். தேவையென்றால் நிரலையும் பகிர்கிறேன்.