புதிய கடலோர நடைபாதை: திறப்பதற்கு முன் என்ன பார்க்கணும்?

கேள்வி: சுமார் 2 கி.மீ. பாதை. பாதி மண்மேட்டு விளிம்போரம், மீதி மணல்குன்றுகளின் குறுக்கே. தடம் குறித்தாச்சு. அடுத்து எதைச் சரிபார்க்கணும்?

பதில் 1: முதலில் விளிம்பிலிருந்து தூரம். ஆண்டுக்கு அரை மீட்டர் அரிப்பு என்றால் 20 ஆண்டுக்கு 10 மீட்டர். அதோடு நிறுத்தாதீங்க, ஒரே மண்சரிவில் எவ்வளவு பிய்த்துக்கொண்டு போகுமோ அதையும் கூட்டுங்க. சராசரியை மட்டும் நம்பினால் ஒரே மழைக்காலத்தில் பாதை கடலுக்குள். இன்னொன்று, மழைநீரை விளிம்புப் பக்கம் விடவே கூடாது. மேலிருந்து ஊறும் தண்ணீரும் அலைக்குச் சளைக்காமல் மண்ணைச் சரிக்கும். 2 சதவீதச் சாய்வை நிலப்பக்கம் கொடுத்து, அங்கே வாய்க்கால் வெட்டி, உறுதியான கரையுள்ள ஓடைவரை கொண்டுபோய் விடுங்க.

பதில் 2: மணல்குன்றில் கான்கிரீட் வேண்டாம். மணல் நகரும், அடிப்பகுதி வெற்றிடமாகும், பிறகு விரிசல்தான். தூண்மேல் பலகைப் பாதை போடுங்க, அடியில் செடி வளரணும். பலகை இடைவெளி 8 முதல் 10 மி.மீ. கூடினால் ஊன்றுகோல் முனை சிக்கும். குறைந்தால் மணல் அடைத்து மரம் ஊறிப் புடைக்கும். பலகைகளைக் குறுக்காகத்தான் பதிக்கணும், நீளவாக்கில் போட்டால் சக்கரம் இறங்கும். திருகாணி 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு. 304 ரகம் உப்புக்காற்றில் புள்ளிபுள்ளியாக அரிக்கும்.

கேட்டவர்: ஓரிடத்தில் 1:12 சரிவு (12 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம்) வருது. படிக்கட்டாக்கிடலாமா?

பதில் 2: வேண்டாம், சக்கர நாற்காலி அங்கேயே நின்றுவிடும். 9 மீட்டருக்கு ஒரு சமதளம், இருபுறமும் கைப்பிடி. இடமிருந்தால் வளைத்து 1:20 ஆக்குங்க.

பதில் 1: பலத்த மழை முடிந்த கையோடு ஒருமுறை நடந்து பாருங்க. தண்ணீர் தேங்கும் இடம் அப்போதுதான் தெரியும், வரைபடத்தில் தெரியாது.