பழைய மெசி 135 உழவு இயந்திரம் வாங்குமுன் எவற்றைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: ஆயித்தியமலை விவசாயி

வணக்கம். உன்னிச்சைக் குளத்து நீர் பாயும் எட்டு ஏக்கர் வயல் எங்களுக்கு உண்டு. ஒவ்வொரு போகமும் கூலி மெசினுக்குக் காத்திருந்து விதைப்புப் பிந்திப் போவதால், வரும் பெரும்போகத்துக்கு முன்னர் சொந்தமாக ஒன்றை வாங்கிவிட எண்ணியிருக்கிறேன். அக்கரைப்பற்றுப் பக்கம் மெசி பெர்குசன் 135 ஒன்று விலைக்கு இருக்கிறது. எஞ்சின் வேலை முழுவதும் செய்து, புதிதாகப் பெயின்ற் அடித்து வைத்திருக்கிறார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது மெசின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது; முற்றத்தில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன், சத்தம் சீராகவே இருந்தது. முற்பணம் கொடுக்குமுன் வேறு எவற்றைக் கவனிக்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

பதில்: சம்மாந்துறை மெக்கானிக்

தம்பி, நீங்கள் போகும்போதே எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது என்பதுதான் எனக்கு முதலில் உறுத்துகிறது. சூடேறிய டீசல் எஞ்சின், தேய்ந்ததாக இருந்தாலும், உடனே பிடித்துவிடும்; இரவு முழுவதும் நின்ற பிறகு விடியற்காலையில் ஸ்ராட் செய்யும்போதுதான் அதன் உண்மை நிலை தெரியும். ஆகவே முன்கூட்டியே சொல்லிவிட்டுக் காலையில் போய், எஞ்சின் உடம்பில் கையை வைத்து, அது குளிர்ந்திருக்கிறது என்பதை உறுதிசெய்த பின்னரே ஸ்ராட் செய்யச் சொல்லுங்கள். டீசல் 135 இல் இருப்பது ஏறத்தாழ இரண்டரை லீற்றர் கொள்ளளவுள்ள, மூன்று சிலிண்டர் பேர்க்கின்ஸ் எஞ்சின். எங்கள் நாட்டு வெப்பத்தில், பற்றரி நல்லதாக இருந்தால், அது சில சுற்றுகளிலேயே பிடிக்க வேண்டும்.

ஸ்ராட் ஆனதும் சற்று நேரம் வெண்புகை வந்து மறைவது குற்றமல்ல. சூடேறிய பின்னும் நீலப்புகை நிற்காவிட்டால் ஒயில் எரிகிறது என்று கொள்ளுங்கள். அடுத்து, எஞ்சின் ஓடும்போதே ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அந்த வாயின்மேல் உள்ளங்கையை இலேசாக வைத்துப் பாருங்கள். மெல்லிய மூச்சுப்போல் காற்று வந்தால் பரவாயில்லை. புகை குப்குப்பென்று கையைத் தள்ளுமானால் பிஸ்ரன் ரிங்கும் சிலிண்டர் லைனரும் தேய்ந்து, சிலிண்டருக்குள் இருக்க வேண்டிய அழுத்தம் கீழே இறங்குகிறது. உண்மையாகவே எஞ்சின் வேலை செய்யப்பட்டிருந்தால் இவ்வளவுக்கு வராது. ரிங், லைனர், பெயரிங் வாங்கிய பற்றுச்சீட்டுகளையும் கேளுங்கள். செலவு செய்தவர் பெரும்பாலும் அவற்றை வைத்திருப்பார்.

ரேடியேற்றர் மூடியைக் குளிர்ந்திருக்கும்போதே திறந்து வையுங்கள். எஞ்சின் ஓடும்போது தண்ணீரில் குமிழி விடாமல் எழுந்தாலோ, மேலே ஒயில் படலம் மிதந்தாலோ, சிலிண்டர்களை மூடும் ஹெட்டோ, அதன் அடியிலுள்ள கஸ்கெற்றோ பழுதாகியிருக்கலாம்.

பதில்: வெல்லாவெளி, படுவான்கரை

சம்மாந்துறைக் காக்கா எஞ்சினைப் பற்றிச் சொன்னவற்றை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் சேற்று வயலில் பாடுபட்ட மெசின் தன் நோயை முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்திலேதான் வைத்திருக்கும். வாங்க வருபவர்களோ எஞ்சின் சத்தத்தைக் கேட்டுவிட்டுத் திருப்தியோடு திரும்பிவிடுகிறார்கள்.

135 இல் கியர்ப்பெட்டி, பின் அச்சு, ஹைட்ரோலிக் ஆகிய மூன்றுக்கும் ஒரே ஒயில்தான். இரும்புச் சில்லுப் பூட்டி அச்சளவு சேற்றில் இறக்கும்போது, தேய்ந்த ஒயில் சீல்களுக்குள்ளால் தண்ணீர் புகுந்து அந்த ஒயிலில் கலக்கிறது. வலப்பக்கத்திலுள்ள ஒயில் பார்க்கும் கம்பியை இழுத்துப் பாருங்கள். ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. இதைவிட நம்பகமான வழி ஒன்றுண்டு. இரவு முழுவதும் நின்ற மெசினைக் காலையில் அசைப்பதற்கு முன், அடியிலுள்ள வடிகால் ஆணியைச் சற்றுத் தளர்த்தி, கீழே ஒரு வெண்ணிறப் பாத்திரத்தைப் பிடியுங்கள். தண்ணீர் ஒயிலைவிடப் பாரமானது என்பதால், உள்ளே பிரிந்து நிற்கும் தண்ணீர் முதலில் வெளியே வரும். புது ஒயில் ஊற்றி நிறத்தை மறைத்திருந்தாலும் சீல் கசிவு நின்றுவிடாது. பின் சில்லுகளின் உட்புறத்தில் ஈரமாக ஒயில் வழிந்திருக்கிறதா என்று பாருங்கள், அந்த ஒயில் பிரேக் டிரமுக்குள்ளும் போய்விடும். வலது, இடது பிரேக்குகளைத் தனித்தனியாக மிதித்துச் சோதியுங்கள்.

ஹைட்ரோலிக்கைச் சோதிக்கக் கலப்பையைப் பூட்டச் சொல்லுங்கள். பாரமில்லாமல் மெசினின் தூக்குக் கைகளை மட்டும் உயர்த்திக் காட்டுவதை ஏற்க வேண்டாம். பி.டி.ஓ. (எஞ்சின் வலுவைப் பின்னால் பூட்டும் கருவிகளுக்குக் கொடுக்கும் தண்டு) லீவரைப் போட்டால்தான் பம்பு வேலை செய்யும். தூக்கிய கலப்பை, எஞ்சின் ஓடும்போது அதே உயரத்தில் நிற்காமல் இறங்குவதும் ஏறுவதுமாகத் தலையாட்டினால், உள்ளே எங்கோ அழுத்தம் கசிகிறது. முன் அச்சை ஜக்கில் தூக்கிச் சில்லுகளை ஆட்டிப் பார்ப்பதும், ரிம்மில் வால்வுத் துளையைச் சுற்றித் துரு தின்றிருக்கிறதா என்று பார்ப்பதும் சில நிமிட வேலை.

பதில்: கல்முனை

வாகனப் பதிவுப் புத்தகத்திலுள்ள செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் மெசினிலுள்ளவற்றோடு ஒத்திருக்க வேண்டும்; புதுப் பெயின்ற்றுக்கு அடியில் இலக்கம் மறைந்திருந்தால் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள். லீசிங் நிறுவனத்தின் பெயர் உரிமையாளராகப் பதியப்பட்டிருந்தால், கடன் தீர்ந்ததற்கான கடிதம் கிடைக்கும்வரை பணம் கைமாற வேண்டாம். வாங்குபவர் பெயர் எழுதாமல் கையொப்பம் மட்டும் இட்ட திறந்த பத்திரங்களை மட்டும் வாங்கிக்கொண்டு, பெயர் மாற்றத்தைப் பிறகு பார்க்கலாம் என்று விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மீண்டும்: ஆயித்தியமலை விவசாயி

எல்லோருக்கும் நன்றி. இன்று காலையில் போய் வந்தேன். குளிர்ந்த நிலையில் எஞ்சின் உடனே பிடித்தது. மூடி வாயிலும் அழுத்தம் இல்லை, பற்றுச்சீட்டுகளையும் காட்டினார்கள். ஆனால் பின்பக்க வடிகால் ஆணியைத் தளர்த்தியபோது முதலில் தண்ணீர் வந்து, அதன் பிறகே சாம்பல் நிறத்தில் ஒயில் வந்தது. கலப்பையும் தலையாட்டுகிறது. விலையைக் குறைக்கச் சம்மதிக்கிறார், வாங்கலாமா?

பதில்: சம்மாந்துறை மெக்கானிக்

தம்பி, எஞ்சின் நல்லதாக இருப்பதால் உடனே விட்டுவிடச் சொல்ல மாட்டேன். சீல் மாற்றுவதும் பம்பைத் திருத்துவதும் கணக்கிடக்கூடிய செலவு. தண்ணீர் எவ்வளவு காலம் உள்ளே நின்றது என்பதுதான் தெரியாத விடயம். அதை விலைக்குறைப்பால் ஈடுசெய்ய முடியாது. உங்கள் செலவிலேயே ஹைட்ரோலிக் மேல்மூடியைத் தூக்கி, பின் அச்சிலுள்ள கிரவுண் சில்லின் பற்களிலும் பெயரிங்குகளிலும் துருப் புள்ளிகள் விழுந்திருக்கின்றனவா என்று ஒரு மெக்கானிக்கைக் கொண்டு பார்த்துவிடுங்கள். அவை சுத்தமாக இருந்தால், திருத்த வேலையின் செலவைக் கழித்துக்கொண்டு வாங்கலாம். மூடியைத் திறக்க அவர் உடன்படாவிட்டால் முற்பணம் கொடுக்க வேண்டாம். சிறுபோக அறுவடை முடிந்த இக்காலத்தில் இந்தப் பக்கத்தில் வேறு மெசின்களும் விலைக்கு வரும்.